நாற்பது மூட்டை

இந்தக் கதையை அர்த்தநாரி பதினெட்டு வருடங்களாக நம்பவில்லை. கதையில் கவிழும் லாரியை ஓட்டியவர் அவர்தான். ஆனாலும் வருடம் தவறாமல் போய்க் கேட்டுவிட்டு வருவார்.

சொல்பவர் சடையப்பன். ஒரு காலத்தில் லோடுமேன்களுக்கு மேஸ்திரி. இப்போது காவி கட்டியிருக்கிறார். குன்றின்மேல் அடங்கிய குகைச்சாமியின் குருபூசை அன்று, பந்திக்குக் காத்திருக்கும் கூட்டத்துக்கு, தான் அவருக்குச் சீடனான கதையைச் சொல்வார். அர்த்தநாரி கடைசி வரிசையில் தூணோரம் உட்கார்ந்துகொள்வார். சடையப்பனின் கண் அந்தத் தூண் பக்கம் ஒருமுறையும் திரும்பியதில்லை.

கதை இதுதான்.

மலையிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றிப் போகும் லாரி. இருநூறு மூட்டை தாங்கும். அன்று இருநூற்று நாற்பது ஏறியது.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. கயிறு கட்டி முடித்ததும் மேஸ்திரி பக்கப் பலகையை மூன்று முறை தட்டுவார். தட்டு விழாமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்கமாட்டார். விழுந்த பிறகு எடுக்காமல் நின்ற டிரைவரும் கிடையாது.

அன்று டிரைவர் குனிந்து அடியில் பார்த்தார். வில்லாக வளைந்திருக்க வேண்டிய இரும்புப் பட்டை கோல்போல நேராகிக் கிடந்தது. நாற்பதையும் இறக்கச் சொன்னார். முதலாளி சொல்லி ஏற்றியதை இறக்க முடியாது என்றார் மேஸ்திரி. டிரைவர் மறுபடியும் குனிந்தார்.

"பட்டை என்ன உனக்குக் கட்டுன பொண்டாட்டியா? இந்தப் பார்வை பாக்கற," என்றார் மேஸ்திரி.

லோடுமேன்கள் சிரித்தார்கள். மூன்று தட்டு விழுந்தது.

ஏழாவது வளைவில் பிரேக் பிடிக்காமல் லாரி கவிழ்ந்தது. பேருந்துக்குக் காத்திருந்த ஒரு கணவனும் மனைவியும் மூட்டைகளுக்கு அடியில் போனார்கள்.

போலீஸ் கேட்டபோது, டிரைவர் ஏற்றச் சொன்னார், ஏற்றினோம் என்றார் மேஸ்திரி. முதலாளியும் அதையே சொன்னார். வழக்கு டிரைவர்மேல் மட்டும் நின்றது.

அதன் பிறகு மேஸ்திரிக்குச் சோறு இறங்கவில்லை. ஐப்பசியில் ஒரு நாள் விடியலில் முந்நூற்றுப் பன்னிரண்டு படி ஏறிக் குகைச்சாமியிடம் போய் நின்றார். சாமி வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு உசுரு போயிருச்சுங்க சாமி. பாரம் அதிகம். யாரு பொறுப்புன்னே தெரியலைங்க."

யார் யார் சம்பந்தப்பட்டது என்று சாமி கேட்டார். மேஸ்திரி விரல் மடக்கினார். ஏற்றச் சொன்ன முதலாளி. அவசரப்படுத்திய ஆலைக்காரர். பார்த்தும் பார்க்காமல் விட்ட சோதனைச் சாவடிக்காரர். ஓட்டிய டிரைவர். தட்டிய தான்.

"அஞ்சு பேரு. அதிகம் எத்தனை மூட்டை?"

"நாப்பதுங்க."

"ஆளுக்கு?"

"எட்டுங்க."

சாமி வாய் கொப்பளித்துத் துப்பினார்.

"அப்ப உன்னோட எட்டைக் கொண்டா."

மேஸ்திரி சந்தையில் எட்டு மூட்டைக் கிழங்கு வாங்கி அடிவாரத்தில் இறக்கினார். நாளுக்கு ஒன்றாக முதுகில் சுமந்து மேலே கொண்டுபோனார். சாமி ஏன் என்றும் கேட்கவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை. எட்டாவது மூட்டையைக் குகை வாசலில் போட்டுவிட்டு மேஸ்திரி மூச்சு வாங்கினார்.

"என் பங்கு தீந்ததுங்க சாமி."

"எந்த மூட்டையில லாரி கவுந்துச்சு?"

"அது எப்படிங்க தெரியும்?"

"இந்த எட்டுல இருக்குதா?"

மேஸ்திரி மூட்டைகளைப் பார்த்தார். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"மத்த நாலு பேருல யாராச்சும் சுமந்தாங்களா?" என்றார் சாமி.

"இல்லீங்க."

சாமி கீழே கை காட்டினார். படி முடிகிற இடத்துக்கு எதிரே ஓடு வேய்ந்த கோர்ட்டுக் கட்டடம் தெரிந்தது.

"அங்க ஒருத்தன் நாப்பதையும் தலையில வெச்சுக்கிட்டு நிக்கறான். நீ எங்கிட்ட எதுக்குக் கொண்டாந்த?"

அவ்வளவுதான் கதை. சடையப்பன் கண்களை மூடிக்கொள்வார். கூட்டம் ஒரு பெருமூச்சு விடும். இலை போடுவார்கள்.

அர்த்தநாரி நம்பாததற்குக் காரணம் எளியது. சாமி அப்படிச் சொல்லியிருந்தால் மேஸ்திரி கோர்ட்டுக்கு வந்திருக்க வேண்டும். தீர்ப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. வரவில்லை. ஆகவே சாமி சொல்லியிருக்கமாட்டார். மூட்டை சுமந்ததும் நடந்திருக்காது. காவிக்குப் பொருத்தமாக ஒரு கதை வேண்டியிருந்தது, ஆள் கட்டிக்கொண்டான்.

அப்படி எண்ணிக்கொள்வது அவருக்கு வசதியாகவும் இருந்தது. மேஸ்திரி பொய்யனாகிவிட்டால் தன்னைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஆனாலும் யோசனை வரும். தட்டு விழுந்தால் எடுத்தே ஆகவேண்டுமா? சாவி யார் கையில் இருந்தது? வண்டியை விட்டு இறங்கி நடந்திருக்கலாம். பொண்டாட்டி என்றதும் எழுந்த அந்தச் சிரிப்புக்குக் கூசித்தானே ஏறி உட்கார்ந்தார்? ஜெயிலில் இருந்த இரண்டு வருடமும், செத்தவர்கள்மேல் கிடந்ததில் தன்னுடையது எட்டு மூட்டைதான் என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றியதில்லை.

இந்த வருடக் குருபூசையில், கதை முடிந்து இலை போடும் நேரத்தில் ஒரு பெண் கேட்டாள். அது ஐப்பசி என்கிறீர்களே, மழையில் எப்படிச் சுமந்தீர்கள், சாமி என்று.

சடையப்பன் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஆறாவது நாள் நல்ல மழை. பாதிப் படியில் கால் வழுக்கியது. மூட்டை வாய் பிரிந்து, கிழங்கு படிப்படியாக உருண்டு கீழே போனது. நனைந்துகொண்டே ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன் என்றார்.

தூணில் சாய்ந்திருந்த அர்த்தநாரி நிமிர்ந்தார்.

அன்று அவருக்கு வாய்தா. கோர்ட்டு வராந்தாவில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார். எதிர்க் குன்றின் படியில் மழைக்குச் சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்ட ஓர் ஆள் குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. பாவம், தனியாளாகக் கஷ்டப்படுகிறானே, ஒரு கை கொடுத்துவிட்டு வரலாம் என்று அர்த்தநாரி வேட்டியை மடித்துக் கட்டி ஒரு படி இறங்கினார். அதற்குள் டவாலி அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

கதை உண்மைதான். ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை.

பொய்யாகவே இருந்திருந்தால் தேவலை என்று அவருக்குப் பட்டது.

பந்தி தொடங்கியது. எல்லோரும் எழுந்து போனார்கள். அர்த்தநாரி போகவில்லை. சடையப்பனுக்கு முன்னால் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார். சடையப்பன் வழக்கம்போலத் திருநீற்றுத் தட்டை நீட்டினார். கை பாதியில் நின்றது.

"சாப்பிடப் போலீங்களா?" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அர்த்தநாரி திருநீறு எடுக்கவில்லை. எல்லோரும் சாமி என்று அழைப்பவரை அவர் பழைய பெயரிலேயே அழைத்தார்.

"ஏனுங்க மேஸ்திரி. அன்னைக்கு நீங்க கெழங்கு பொறுக்கறதை நான் கோர்ட்டு வராந்தாவுல நின்னு பாத்தேன். நீங்கன்னு தெரியாது. கூடமாட பொறுக்கிக் குடுக்கலாமுன்னு ஒரு படி எறங்கவுஞ் செஞ்சேன்."

சடையப்பன் தட்டைக் கீழே வைத்தார்.

"எட்டு நாளும் மூட்டையை மேல போட்டுட்டு வெறுங்கையோடதான் எறங்கி வந்திருக்கறீங்க. அங்கிருந்து கோர்ட்டு கூப்பிடு தூரம். அங்க வர்றதுக்கு எதுங்க அவ்வளவு கனமா இருந்துச்சு?"