சீர்முத்திரைக்குப் பொருள்

செண்பகவர்ம மகாராஜாவுக்குப் புதிதாக ஒரு சொல் கிடைத்திருந்தது. கொண்டுவந்தவன் ஒரு கப்பல் வணிகன். அவன் விற்ற தலைப்பாகையின் ஓரத்தில் தங்க இழையில் ஒரு மயில். "இது சீர்முத்திரைச் சரக்கு, பிரபு" என்றான். விலையைக் கேட்ட பொக்கிஷதாரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகென்ன? மயில் போட்ட செருப்பு, மயில் போட்ட விசிறி, மயில் போட்ட பல்குச்சி. மந்திரி திரிலோசனர் மயில் போட்ட பெட்டியிலிருந்து வெற்றிலை எடுத்து மென்று, "அடடா, காம்புகூட கௌரவமாக இருக்கிறது!" என்றார். வணிகன் அவருக்குத் தரகு கொடுப்பதாகச் சமையல்கட்டில் பேச்சு.

மந்திரியின் யோசனையில் ஓர் ஆணையும் பிறந்தது. மயில் முத்திரை உள்ளது எதுவானாலும் வணங்கி உள்ளே விட வேண்டும். இல்லாதது எதுவானாலும் கோட்டை வாசலைத் தாண்டக் கூடாது. மீறும் காவலருக்குக் கசையடி.

அன்றே திருப்பி அனுப்பப்பட்டாள் நெசவுக்காரி செவ்வந்தி. முடிசூட்டு நாளில் ராஜா உடுத்திய பட்டே அவள் நெய்ததுதான். பட்டு மூட்டையை அணைத்துக்கொண்டு வாசலில் நின்று அழுதாள். அதைப் பார்த்த அவைப்புலவர் அம்பலத்தாடி நேரே ராஜாவிடம் போனார்.

"பிரபு, செவ்வந்தியின் பட்டில் என்ன குறை?"

"பட்டில் குறையில்லை. முத்திரை இல்லை."

"சீர்முத்திரை என்றால் என்ன பொருள், பிரபு?"

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி விதானத்தைப் பார்த்தார். ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"புலவன் நீயா, நானா? நாளைக் காலைக்குள் நீயே பொருள் சொல். இல்லாவிட்டால் நீயும் கோட்டைக்கு வெளியே!"

மறுநாள் காலை ராஜா ஆற்றில் குளித்துவிட்டு வெறுங்காலும் ஈர வேட்டியுமாகத் திரும்பினார். வாசலில் ஈட்டிகள் குறுக்கே விழுந்தன.

"டேய், நான்தான்டா ராஜா!"

"தெரியுது பிரபு" என்றான் காவலன், ஈட்டியை எடுக்காமல். "ஆனா உங்க மேல மயில் இல்லையே. புலவரய்யா இப்பத்தான் ஆணையை ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டினாரு. கசையடின்னு போட்டிருக்கு."

அப்போது ஒரு கழுதை வந்தது. முதுகில் மயில் போட்ட காலிப் பெட்டி. காவலர்கள் ஈட்டியைத் தாழ்த்தி, குனிந்து கும்பிட்டு, உள்ளே விட்டார்கள். அதை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்த அம்பலத்தாடி ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"என்னய்யா இது?" என்று ராஜா கத்தினார். 

"பொருள் கேட்டீர்களே, பிரபு. உள்ளே போனது முத்திரை. வெளியே நிற்பது சரக்கு."

ராஜா ஒரு கணம் முறைத்தார். அப்புறம் ஈர வேட்டி நழுவும் அளவுக்குச் சிரித்தார். அங்கேயே ஆணையை ரத்து செய்தார். செவ்வந்தியை அழைத்து, அவள் பட்டையே வாங்கி உடுத்திக்கொண்டார். கழுத்து மாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டார்.

எல்லோரும் உள்ளே போனபோது கழுதை சபா மண்டபம்வரை போயிருந்தது. மந்திரி திரிலோசனர் எழுந்து நின்று அதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.