எருமைகள் சபைக்கு வந்த கதை

சடைச்சியின் ஏழு வயது மகள் பூவாயியை, பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நாலு கூடை நெல்லுக்கு விற்றுவிட்டார்கள். கதை அங்கேதான் தொடங்குகிறது, காதைக் கொடுங்கள்.

ஆறு ஒன்று, கரை இரண்டு, அரசன் ஒருவன் என்று முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. கீழ்க்கரையில் மனிதரை வாங்கலாம், விற்கலாம். மேல்கரையில் கூடாது. இரண்டும் சரிதான் என்று அரசன் முத்திரை குத்தியிருந்தான். அவனுக்கு மதியத் தூக்கம் முக்கியம்.

சடைச்சி கீழ்க்கரைப் பண்ணையார் வில்லவரையன் வீட்டில் நெல் குத்தும் அடிமை. மகள் போன அன்றே உலக்கையைச் சாத்தி வைத்துவிட்டு வழக்குமன்றத்துக்கு நடந்தாள்.

நீதிபதி சுவடியைப் புரட்டினார். “அடிமை என்றால் உடைமை. மாடு வந்து மனுக் கொடுத்தால் நான் வாங்குவேனா? போ, போ.”

சரி, மாடு என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த மாதமே தலை எண்ணும் நாள் வந்தது. நூறு தலைக்கு அரசசபையில் ஓர் இருக்கை என்பது நாட்டு வழக்கம். பண்ணையார் தன் அடிமைகள் முந்நூறு பேருக்கும் எண்ணெய் தேய்த்து, புதுத்துணி கட்டி, வரிசையில் நிறுத்தினார்.

“ஆண்டே, போன மாசம் நான் மாடு. இந்த மாசம் தலையா?” என்று கேட்டாள் சடைச்சி.

“எண்ணும்போது தலை. எண்ணி முடித்தால் மாடு. வாயை மூடு!”

மூடுவாளா? ஓடக்காரன் காரியிடம் சொன்னாள். அவன் மேல்கரை முழுக்கச் சொன்னான். கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கொதித்தார்கள், அப்புறம் தங்கள் எருமைகளுக்கு எண்ணெய் தேய்த்து, புதுத்துணி கட்டி, நெற்றியில் சந்தனம் இட்டு, சபைக்கே ஓட்டி வந்தார்கள்.

“எழுதிக்கொள்ளுங்கள், எங்கள் தலைகள்!”

“இவை எருமைகள் ஐயா!” என்று அலறினார் நீதிபதி.

“கீழ்க்கரை மாட்டை எண்ணினீர்களே, எங்கள் எருமைக்கு என்ன குறைச்சல்?”

சபையில் செருப்புகள் பறந்தன. ஓர் எருமை சாவகாசமாக நீதிபதியின் சுவடியைத் தின்றது.

அரசன் சமரசம் கண்டுபிடித்தான்: “இனி அடிமை என்றால் அரைத் தலை!”

மீதி அரை எங்கே என்று கீழ்க்கரை கத்தியது. மனிதரில் அரை ஏது என்று மேல்கரை கத்தியது. இரு கரைக் கொல்லர்களும் கலப்பையை விட்டுவிட்டு வேல் அடிக்க உட்கார்ந்தார்கள்.

தூக்கம் கெட்ட அரசன் சடைச்சியை வரவழைத்தான்.

“மகாராசா, அரைத் தலை என்றீர்களே, வாய் எந்தப் பாதியில் இருக்கிறது? தெரிந்தால் அதைத் திறந்து என் மகளைத் திருப்பிக் கேட்பேன்.”

அவசர அவசரமாகப் பூவாயியைத் தேடிக் கொண்டுவந்தார்கள். சடைச்சி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். வெளியே போர்முரசு அதிர்ந்தது.

“மகள்தான் கிடைத்துவிட்டாளே! அமைதியாக இருந்த நாட்டைக் கெடுத்தவள் நீதான். எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்!” என்றான் அரசன்.

மனிதரை உடைமை என்று எழுதிவைக்கும் நாடு, எத்தனை சமரசம் செய்தாலும், தன் போரைத்தான் எழுதிவைக்கிறது; கதையின் நீதி இதுவே. சடைச்சி அதைத் தன் பாணியில் சொன்னாள்:

“இவளை இழுத்துப் போன அன்று இவள் போட்ட சத்தம் அக்கரை வரைக்கும் கேட்டது, மகாராசா. நீங்கள் அதைத்தான் அமைதி என்று நினைத்துத் தூங்கியிருக்கிறீர்கள்.”