ஒச்சப்பன் விழுங்கிய பிளம்ஸ் கொட்டை

மலைமேல் மூங்கில்பள்ளம் என்று ஓர் ஊர். அங்கே பிளம்ஸ் பழம் பறித்துப் பெட்டி கட்டும் ஒச்சப்பன், அவன் மச்சான் வீரணன், பங்காளி சடையன் ஆகிய மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அன்றைக்கு அதையும் யாரோ வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

பழம் தின்றுகொண்டே சிரித்ததில் ஒச்சப்பன் ஒரு கொட்டையை விழுங்கிவிட்டான். உயிர் போகப்போகிறது என்று பயந்து மூவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"முழுசா முழுங்கினா பயமில்லப்பா. ரெண்டு நாள்ல தன்னால வெளிய வந்துரும். கொட்டையை உடைச்சு உள்ள இருக்கிற பருப்பைத் தின்னாத்தான் விஷம்" என்றார் டாக்டரம்மா.

வாசலுக்கு வந்ததும் வீரணன் கையை நீட்டி மறித்தான். "கேட்டியா மாப்ள? உடையக் கூடாதாம். ஒரு எட்டு வச்சே, செத்தே."

உடையாமல் கொண்டுபோக அவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. பழம் கட்டும் பெரிய மரப்பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து, வைக்கோல் பரப்பி, ஒச்சப்பனை உட்காரவைத்து, சுற்றிலும் வைக்கோல் திணித்து, மேலே பலகை அடித்தார்கள். மூக்குக்கு ஓர் ஓட்டை விட்டது சடையனின் தயவு.

இருவரும் பெட்டியைச் சுமந்து வீட்டுக்கு நடக்கையில், மேட்டில் சடையன் சறுக்கினான். பெட்டி நாலு குட்டிக்கரணம் போட்டுப் பள்ளத்தில் போய் நின்றது. ஒச்சப்பனுக்கு முன்பல் ஆடியது, முட்டி பெயர்ந்தது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? "கொட்டை என்னாச்சுன்னு பாருங்கடா!" என்று அலறினான்.

வீரணன் பலகையைப் பெயர்த்து வயிற்றில் காதை வைத்தான். கடமுடா என்றது. "போச்சு, உடைஞ்சிருச்சு!"

"அது பசி மச்சான். தண்ணியாவது குடு" என்று கெஞ்சினான் ஒச்சப்பன்.

"தண்ணி குடிச்சா கொட்டை முளைக்கும்ண்ணே. முளைச்சாப் பிளக்கும். பிளந்தா விஷம்" என்றான் சடையன்.

மூவரும் கன்னத்தில் கைவைத்து யோசித்தார்கள். கடைசியில் வீரணன்தான் வழி சொன்னான். "வெந்நி குடுப்போம். வெந்நியில எந்த வெதடா முளைச்சிருக்கு?"

இரண்டு நாளும் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி, ரசம், காப்பி. நாக்கு வெந்து தோல் உரிந்தது. உயிரைவிட நாக்கா பெரிது என்று ஒச்சப்பன் பொறுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை புதருக்குப் பின்னாலிருந்து ஒரு கூவல். "வந்துருச்சுடோய்! முழுசா வந்துருச்சு!" பிழைத்துவிட்டோம் என்று ஒச்சப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. மூவரும் கட்டிப்பிடித்து ஆடினார்கள்.

கொட்டையைத் தேய்த்துக் கழுவி நடுவில் வைத்தபிறகுதான் வீரணனுக்குக் கவலை பிடித்தது. "இதை எங்கடா வைக்கிறது? எவனாச்சும் உடைச்சுத் தின்னா அந்தப் பாவம் நம்மளுக்குல்ல?"

"பொதைச்சா முளைச்சுப் பிளந்துரும். அடுப்புல போட்டா வெடிச்சுரும். பரண்ல வச்சா எலி கடிக்கும்" என்றான் சடையன்.

ஒச்சப்பன் நெடுநேரம் கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். "பள்ளத்துல உருண்டப்பக்கூட ஒரு கீறல் விழாம இருந்த எடம் ஒண்ணு இருக்குடா" என்றான். எது என்று மற்றவர்கள் கேட்பதற்குள் கொட்டையை வாயில் போட்டு விழுங்கினான்.

வீரணன் பெட்டியை எடுக்க ஓடினான். சடையன் வெந்நிக்கு அடுப்பைப் பற்றவைத்தான்.