எட்டுக் குச்சி கேட்ட இன்ஸ்பெக்டர்

சிலேட்டை எச்சில் தொட்டு அழித்த காலம் அது. இரண்டாம் வகுப்புக்கு அமலோற்பவம் டீச்சர் புதுசு, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக வாழைநாரில் கட்டி வைத்துத்தான் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள்.

பள்ளியைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணு மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா இது, விளக்குமாத்துக் கடையா?"

"கழிக்கும்போது உதிரி பத்தலைன்னா ஒரு கட்டைப் பிரிச்சுக்கணும், சார்."

"பிரிக்கவே கூடாது! இதோ நாலு கட்டு, ரெண்டு உதிரி. இதுல எனக்கு எட்டுக் குச்சி கொடு. கட்டைப் பிரிச்சியோ, நாளையிலேர்ந்து நீ இங்க டீச்சர் இல்ல."

டீச்சர் ஒரு முழுக்கட்டை எடுத்து அவர் கையில் பவ்வியமாகக் கொடுத்தாள்.

"இதுல பத்து இருக்கே!"

"ஆமா சார். எட்டை வச்சுக்கிட்டு மீதியைக் கொடுங்க."

அவரும் மளமளவென்று நாரை அவிழ்த்து, இரண்டு குச்சியை எண்ணி நீட்டினார்.

"ஐ! சாரே கட்டைப் பிரிச்சுட்டாரு!" என்று கூவினாள் முன்வரிசை முத்துப்பேச்சி.

"மிச்சம் எத்தனை?" என்றாள் டீச்சர், ஒன்றுமே நடக்காதவள் போல.

"மூணு கட்டு, நாலு உதிரி! முப்பத்திநாலு!"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, அடுத்த கணக்கைப் போடு" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொண்டார்.