நூல் தீர்ந்துபோன கதை

முன்னொரு காலத்தில், "எனக்கெதற்கு ஊர் வம்பு" என்று தொடங்கியே எல்லா வம்பையும் பேசி முடிக்கும் காலத்தில், ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். அவர் வம்சத்தார் இன்னும் எங்காவது இருந்தால் மனம் வருந்துவார்கள்.

அந்த ராஜாவுக்கு ஒரு மனக்குறை. அவர் ஓலையில் ஒன்று எழுதுவார், நடப்பது வேறொன்றாக இருக்கும். அரசாணைகளை எழுதி அனுப்பும் பெரிய அதிகாரிக்கு ஓலைநாயகம் என்று பெயர். அந்தப் பதவியில் சிங்கப்பிரான் என்பவர் இருந்தார். 'குளம் வெட்டு' என்று ஓலை வந்தால், அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மன்னரின் உட்கருத்து யாதெனில்" என்று ஆரம்பிப்பார். அந்த உட்கருத்து எப்படிச் சுற்றினாலும் அவர் வீட்டுத் தென்னந்தோப்புக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும்.

ஒரு நாள் ராஜா பொறுமையிழந்தார்.

"இன்று முதல் உட்கருத்து கிடையாது. ஓலையில் முதல் சொல், செய்ய வேண்டிய வேலை. அதன்பின் இடைவெளி விட்டு வரும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனிப் பொருள். நடுவே கோடு கிழித்திருந்தால், அங்கே ஓர் ஆணை முடிந்து அடுத்த ஆணை தொடங்கும். ஏவலர் தலைவன் கரியமாணிக்கம் எழுதியதை எழுதியபடியே செய்வான். யோசிக்கிறவனுக்குச் சிறை."

கரியமாணிக்கத்துக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. யோசிப்பது அவனுக்கு முன்பும் வழக்கமில்லை.

மறுநாள் ராஜாவுக்கு எதையாவது கொறிக்க வேண்டும் போலிருந்தது. 'கொண்டுவா தேன் குழல்' என்று ஓலை போயிற்று. ஒரு குடம் தேனும் ஒரு புல்லாங்குழலும் வந்தன. ராஜா யாரும் பார்க்காதபோது அந்தக் குழலைக் கடித்துப் பார்த்ததாக மடைப்பள்ளியில் பேசிக்கொண்டார்கள். நான் பார்க்கவில்லை, ஆகையால் சொல்லமாட்டேன்.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். இரண்டு நாள் கழித்து 'கொண்டுவா மயில் கண் வேட்டி' என்று எழுதினார். மயில்கண் கரை போட்ட வேட்டிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். மயில் வந்தது. வேட்டி வந்தது. பின்னாலேயே கரியமாணிக்கம் ஒரு சின்னக் கத்தியோடு வந்து பணிவாக நின்றான்.

"மன்னர் மன்னா, மயிலும் வேட்டியும் ஆயிற்று. நடுவில் ஒரு கண் இருக்கிறது. யாருடையது என்று ஓலையில் இல்லை. அருகில் இருப்பவருடையதை எடுத்துக்கொள்ளலாமா?"

சபையில் அத்தனை பேரும் ஆளுக்கொரு கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். அருகில் இருந்தவர் ராஜா.

அரசவை விகடகவி குப்பாண்டி எழுந்தான். "கரியமாணிக்கம், ஓலையில் 'பிடுங்கு' என்று இருக்கிறதா, 'கொண்டுவா' என்று இருக்கிறதா?"

"கொண்டுவா என்று."

"வரும்போது உன் கண்ணை வீட்டில் வைத்துவிட்டா வந்தாய்? கொண்டுதானே வந்தாய். கண் வந்தாயிற்று, கத்தியை உள்ளே வை."

ராஜாவுக்கு மூச்சு வந்தது. பிடிவாதம் மட்டும் போகவில்லை. "சட்டம் என் வாயால் வந்தது. அதில் ஓர் எழுத்தையும் மாற்றமாட்டேன். ஆனால் என் ஓலை நான் நினைத்தபடி நடக்கவும் வேண்டும். இதை யார் செய்வார்?"

சிங்கப்பிரானுக்குக் குப்பாண்டிமேல் வெகுநாள் புகைச்சல். "இதற்கும் விகடகவியாரே தகுந்தவர், மன்னா. முடியாவிட்டால் நாடு கடத்திவிடலாம். வேலை தெரியாத வாய் எந்த நாட்டில் இருந்தால் என்ன?"

"அப்படியே ஆகுக," என்றார் ராஜா. "என் பிறந்தநாள் விழா முடியும்வரை ஒரே ஓர் ஓலை பிசகினாலும், குப்பாண்டி, நீர் எல்லைக்கு அப்பால்."

செய்தி குப்பாண்டிக்கு முன்பே அவன் வீட்டுக்குப் போய்விட்டது. எங்கள் தெருக்களுக்கு எப்போதும் நடை வேகம். அவன் வந்து மறுபடி வெளியே கிளம்பியதும், அவன் மனைவி கோமளத்திடம் அடுத்த வீட்டு அஞ்சுகம் வந்து நின்றாள்.

"ஏன்டி கோமளம், எல்லை தாண்டி அம்மிக்கல்லைத் தூக்கிக்கிட்டா போவே? என்கிட்ட விட்டுட்டுப் போயேன்."

"அம்மியும் போகலை, நானும் போகலை அக்கா. அவரைக் கீரை வாங்க அனுப்பியிருக்கேன். வந்தா அரைக்க அம்மி வேணும்."

கீரை வாங்கப் போன குப்பாண்டி வீட்டுக்கு வரவில்லை. முளைக்கீரையோடு நேரே சபைக்குப் போனான்.

"கரியமாணிக்கம், என் கையில் எத்தனை?"

"தண்டு தண்டாக எண்ணினால் முப்பது இருக்கும்."

"கீரைக்காரி எத்தனை என்று கொடுத்தாள்?"

"ஒரு கட்டு."

"ஆக, கட்டினால்?"

கரியமாணிக்கம் யோசிக்கவில்லை. "ஒன்று."

குப்பாண்டி ஓர் ஓலையை எடுத்தான். 'கொண்டுவா' என்ற சொல்லை வெளியே விட்டுவிட்டு, 'தேன் குழல்' என்ற இரண்டின்மேலும் சிவப்பு நூலை ஓட்டி, தொடக்கத்தில் ஒரு முடிச்சும் முடிவில் ஒரு முடிச்சும் போட்டான். "முதல் முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுவரை ஒரே பொருள். உள்ளே இடைவெளி இருக்கட்டும், கோடு இருக்கட்டும், அது மூட்டைக்குள் கிடக்கும் சரக்கு. ஆணை அல்ல. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, மன்னா."

தேன்குழல் சுடச்சுட வந்தது. ராஜா ஏழு சாப்பிட்டார்.

எல்லோரும் தேன்குழலைப் பார்த்தார்கள். சிங்கப்பிரான் மட்டும் 'அடுத்த முடிச்சுவரை' என்ற வார்த்தையை வாயில் போட்டு மென்றுகொண்டே வீட்டுக்குப் போனார்.

பிறந்தநாள் வந்தது. பொன்னாடை பெறுகிறவர்கள் தங்கள் பெயரை ஓலை நறுக்கில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் குப்பாண்டி 'கொடு பொன்னாடை' என்ற ஆணையில் சேர்த்து நூல் கட்டிக் கொடுக்க வேண்டும். கொடுத்த பெயரில் ஒரு புள்ளியும் குறையக் கூடாது என்று ராஜாவிடம் சொல்லி உத்தரவு வாங்கிவைத்தவர் சிங்கப்பிரான்தான்.

அவர் தம் மைத்துனனின் நறுக்கை நீட்டினார். நல்லமுத்து என்று எழுதியிருந்தது. அதற்குப் பின்னால் சிவப்பு நூலில் ஒரு முடிச்சு. முடிச்சுக்குப் பின்னால் ஒரு கோடு. கோட்டுக்குப் பின்னால் 'நாடுகடத்து குப்பாண்டி'.

குப்பாண்டி நறுக்கை இரண்டு முறை படித்தான். அப்படியே கட்டினால் நடுவிலிருக்கும் முடிச்சிலேயே கட்டு முடிந்துவிடும். கோடு வெளியே வந்து விழும். அடுத்த ஆணை நாடுகடத்து. கரியமாணிக்கம் பொன்னாடையை ஒரு கையால் கொடுத்துவிட்டு மறு கையால் இவன் கழுத்தைப் பிடிப்பான்.

"இது என்ன பெயர், ஐயா?"

"முழுப் பெயர். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு வைத்தது."

"நடுவில் முடிச்சு?"

"வேண்டுதல் முடிச்சு. அதைத் தொடவோ நீக்கவோ கூடாது."

"வேண்டுதல் முடிச்சேதானா? சபை அறியச் சொல்லுங்கள்."

"வேண்டுதல் முடிச்சு, வேண்டுதல் முடிச்சு," என்று உரக்கச் சொன்னார் சிங்கப்பிரான். சொல்லும்போது அவர் மீசைகூடச் சிரித்தது.

"அடடா, மஞ்சள் இல்லாமல் விட்டுவிட்டீர்களே. தெய்வம் கோபித்துக்கொள்ளும்." குப்பாண்டி குழைத்த மஞ்சளை வரவழைத்து அந்த முடிச்சில் பக்தியோடு பூசினான். "கரியமாணிக்கம், மஞ்சள் பூசிய முடிச்சை மனுஷ வேலைக்கு எடுப்பார்களா?"

"சாமி குத்தம் ஆகிவிடும்."

"அப்படியானால் அது சாமியின் முடிச்சு, உன்னுடையதல்ல. மஞ்சள் பூசாத முடிச்சு வரும்வரை போய்க்கொண்டே இரு."

சிங்கப்பிரான் மறுக்க வாயைத் திறந்தார். ஆனால் எல்லாவற்றையும் சபை அறிய முன்பே சொல்லிவிட்டிருந்தார்.

குப்பாண்டி நறுக்கைச் சேர்த்து நூல் கட்டிக் கொடுக்க, கரியமாணிக்கம் ஓலையை ஏந்தி மண்டபம் அதிரக் கூவினான். "நல்லமுத்து முடிச்சு கோடு நாடுகடத்து குப்பாண்டி அவர்கள் வந்து பொன்னாடை பெற்றுக்கொள்ளவும்."

மைத்துனன் தூணுக்குப் பின்னால் ஒளிந்தான். கரியமாணிக்கம் மூன்று முறை கூவினான். மூன்று முறையும் ஒரு சொல் விடவில்லை. ராஜாவின் கிரீடம் சிரிப்பில் காதுவரை சரிந்தது.

"ஓலைநாயகமே, உம் மைத்துனர் பெயருக்குள் என் விகடகவிக்கு என்ன வேலை?"

"மன்னா, அதன் உட்கருத்து யாதெனில்..."

"உட்கருத்து கிடையாது என்றேனே. இனி அவரை எல்லோரும் முழுப் பெயரால்தான் அழைக்க வேண்டும். முதலில் நீர்."

நல்லவேளை, அந்தக் காலத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்வதில்லை. நல்லமுத்துவின் பெண்டாட்டி தப்பித்தாள். அவன் மாமியார்தான் மருமகனைப் பந்திக்குக் கூப்பிடுவதற்குள் இலையில் சோறு ஆறிப்போகிறது என்று அழுதாளாம்.

"குப்பாண்டி, வேண்டியதைக் கேளும்," என்றார் ராஜா.

"கோமளத்துக்கு உடம்புச் சூடு, மன்னா. வைத்தியர் யானை நெருஞ்சி சொல்லியிருக்கிறார். அது கிடைத்தால் போதும்."

வேலியோரத்து முள் செடியையா கேட்கிறான் என்று சபை கிளுகிளுத்தது. குப்பாண்டியே ஓலையை எழுதி நீட்டினான். ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டே முத்திரை வைத்தார்.

சாயங்காலம் அஞ்சுகம் அம்மி விஷயமாக மறுபடியும் எட்டிப் பார்த்தாள். கோமளத்தின் வாசலில் ஒரு யானை நின்றது. பக்கத்தில் கரியமாணிக்கம் ஒரு நெருஞ்சிச் செடியோடு நின்றான். யானை அதற்குள் அஞ்சுகத்தின் வாழை மரத்தில் பாதியை முடித்திருந்தது.

மறுநாள் ராஜா குப்பாண்டியை அழைத்தார். "'கொடு யானை நெருஞ்சி.' இரண்டு சொல்லும் தனித்தனியாக நிற்கின்றன. நூல் எங்கே?"

"விழாவில் அத்தனை பெயரையும் கட்டியதில் தீர்ந்துவிட்டது, மன்னா."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே தம் அங்கவஸ்திரத்தின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நீட்டினார்.

"யானை உமக்கே. அதன் தீவனத்துக்கும் ஓலை எழுதிக்கொள்ளும். தயவுசெய்து, அதையாவது கட்டிவிடும்."