வெகுளிக்குப் பொருள்

காவிரிக் கரையில் இருந்த சின்ன மடம் அது. அதன் தலைவி ஞானாம்பிகை அம்மா காசிக்குப் புறப்படுவதாக இருந்தார். அவர் திரும்பி வரும்வரை மடத்துச் சாவி யார் கையில் என்பதுதான் கேள்வி.

சீடர்களில் மூத்தவர் தாண்டவமூர்த்தி. தாலுகா ஆபீஸ் வேலையை முடித்துவிட்டு மடத்துக்கு வந்தவர், அம்மாவைவிடவே வயதில் பெரியவர். சாவி தனக்குத்தான் என்று அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அதைக் கட்டிக்கொள்ளப் புதிதாக ஓர் அரைஞாண் கயிறு மட்டும் வாங்கி வைத்திருந்தார்.

அன்று காலை நந்தியாவட்டைக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் ஜன்னலோரம் நின்றார். உள்ளே அம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"தாண்டவமூர்த்தி வெகுளி. அவர்கிட்ட சாவியைக் குடுக்கலாமா வேண்டாமான்னுதான் யோசிக்கிறேன்."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெகுளி என்றால் சூதுவாது தெரியாதவன். பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று வந்தவனிடம் மடத்துக் குத்துவிளக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இதோ வந்துவிடுவான் என்று பொழுது சாயும்வரை வாசலில் நின்ற மனிதர் அவர். அந்த மனசைத்தான் அம்மா மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். போய்ச் செம்பொற்சோதியிடம் சொன்னார். அவர் இன்னொரு சீடர், பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். சும்மா இருப்பாரா?

"அம்மா பேசற தமிழ் நாம பேசற தமிழ் இல்ல ஐயா. எதுக்கும் அகராதியைப் பார்த்துடுங்க."

மடத்து அகராதி அம்மிக்கல் கனம். தாண்டவமூர்த்தி அதை மடியில் வைத்துப் பிரித்தார். 'வீ' வந்தது. தள்ளினால் 'வே' வந்தது. நடுவில் இருக்கவேண்டிய 'வெ' போன இடம் தெரியவில்லை. எச்சில் தொட்டு எச்சில் தொட்டு நாக்கு வறண்டபோது வெட்டிவேர் அகப்பட்டது. அட, இதற்கு இத்தனை பெயரா என்று அதைப் படித்தார். வெட்டிப்பேச்சைப் படித்தார். பின்னால் புரட்டி வெங்காயத்தில் கொஞ்ச நேரம் தங்கினார். சாப்பாட்டு மணி அடித்தது அவருக்குக் கேட்கவே இல்லை. தேடாததெல்லாம் கிடைக்கும்போது தேடியது யாருக்கு வேண்டும்?

இன்னொரு தாளைப் பின்னால் திருப்பினார். பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது.

'வெகுளி: 1. கோபம்.'

அவருக்குத் திக்கென்றது. ஒருவேளை கோபத்துக்கு ஏதாவது நல்ல அர்த்தம் இருக்குமோ என்று 'கோ'வுக்குப் போனார். சினம் என்று போட்டிருந்தது. 'சி'க்குப் போனார். வெகுளி என்று போட்டிருந்தது.

"எனக்கா? எனக்கா கோபம்?"

அகராதியை அவர் அறைந்து மூடிய சத்தத்தில் கூரைப் புறாக்கள் பறந்தன. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்தார்.

"அகராதி பிடிச்சவர் வர்றார், வழி விடுங்க," என்று செம்பொற்சோதி சுவரோரம் ஒதுங்கினார்.

அம்மாவின் அறைக் கதவை ஒரே தள்ளாகத் தள்ளினார் தாண்டவமூர்த்தி.

"நான் கோபக்காரனாம்மா? இந்த மடத்துல ஒரு ஈயை அதட்டியிருப்பேனா? எங்க வீட்டுல பீரோ சாவியை என் கண்ணுலயே காட்ட மாட்டாங்க. இங்கயாவது என்னை நம்புவீங்கன்னுதானே வந்தேன்!"

அவமானமும் அழுகையும் சேர்ந்து முட்டின.

"கோபக்காரர்னு யார் சொன்னா?"

"நீங்கதான் வெகுளின்னு சொன்னீங்க. நான் அகராதியில பார்த்துட்டேன்."

"முழுசாப் பார்த்தீங்களா?"

"அதான் அச்சடிச்சு வெச்சிருக்கே."

"அடுத்த பக்கம்?"

தாண்டவமூர்த்தி அகராதியைத் தரையில் வைத்து, மறுபடி 'வீ'யிலும் 'வே'யிலும் முட்டிமோதி, அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். தாளைத் திருப்பினார். முதல் வரியே அதுதான்.

'2. கள்ளங்கபடம் இல்லாதவர்.'

அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அம்மா, இதுல நீங்க எதைச் சொன்னீங்க?"

"ரெண்டாவதைத்தான். அப்படிப்பட்ட மனுஷர்கிட்ட மடத்தை விட்டுட்டுப் போனா, நான் திரும்பி வரும்போது சுவராவது மிஞ்சுமான்னு பயமா இருந்துச்சு."

"இப்போ?"

அம்மா கதவைப் பார்த்தார். மேல் கீல் பெயர்ந்து அது ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. மாடத்திலிருந்து சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார்.

"முதல் அர்த்தமும் உள்ளே இருக்குன்னு இப்பத்தானே தெரிஞ்சுது. பிடிங்க. பூட்டறதுக்கு முந்தி அந்தக் கதவைச் சரி பண்ணிடுங்க."