மூன்று நாள் கெடு

நெடுங்கோட்டை என்று ஒரு ராஜ்யம். அதை ஆண்டவர் செண்பகராயர். மருத்துவம், சிற்பம், கப்பல் கட்டுவது, யானை பழக்குவது என்று அவர் நாட்டில் ஒன்பது கல்விச்சாலைகள் இருந்தன. சேர விரும்பினால் அந்தந்த ஆசிரியர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். நெய்க்குடத்தோடு நின்றவருக்கு இடம் கிடைக்கும். வெறுங்கையோடு நின்றவருக்கு ஆசீர்வாதம் கிடைக்கும்.

விஷயம் ராஜா காதுக்கு எட்டியது. "இனிமேல் நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு, ஒரே பட்டியல். தேர்வில் முதலாவதாக வந்தவருக்கே முதல் இடம்" என்று உத்தரவு போட்டார். நடத்தும் பொறுப்பைக் கல்வி மந்திரி கனகசபாபதியிடம் கொடுத்தார்.

மந்திரி தம் பங்குக்கு ஒரே ஒரு வரி சேர்த்தார். 'இடம் கிடைத்ததென்று ஓலை எழுதிய நாளிலிருந்து மூன்று நாளுக்குள் வந்து சேராதவர் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.' ராஜா முத்திரை வைத்தார்.

இரண்டு வருஷம் ஆயிற்று. ஒன்பது சாலைகளும் நிரம்பி வழிந்தன. சேர்ந்த அத்தனை பேரும் அரண்மனையைச் சுற்றியிருந்த நான்கு தெருக்காரர்கள்.

"நாட்டில் வேறெங்கும் அறிவே கிடையாதா?" என்று ராஜா கேட்டார்.

"இந்த நான்கு தெருத் தண்ணீர் அப்படி, பிரபு" என்றார் மந்திரி. அவர் வீடும் அங்கேதான் இருந்தது.

மூன்றாம் வருஷம் மருத்துவத்தில் முதலாவதாக வந்தவள் தேன்மலையைச் சேர்ந்த மாராயி. தேன்மலையில் வைத்தியர் இல்லை. பாம்பு கடித்தால் தலைநகருக்குத் தூக்கி வர எட்டு நாள். அப்படித் தூக்கி வந்தவர்களில் ஒருவரும் உயிரோடு வந்து சேர்ந்ததில்லை. மாராயியின் அண்ணனும்தான்.

ஆனி முதல் தேதி எழுதிய ஓலை ஒன்பதாம் தேதி அவள் கைக்குக் கிடைத்தது. அன்றைக்கே கிளம்பினாள். பதினேழாம் தேதி மந்திரி முன்னால் வந்து நின்றாள். காலெல்லாம் வெடிப்பு.

"கெடு முடிந்துவிட்டது, அம்மா" என்றார் மந்திரி.

"ஓலையே எட்டு நாள் கழிச்சுத்தானுங்களே வந்துச்சு?"

"எழுதிய நாள்தான் கணக்கு."

"நீங்க எழுதினது எனக்கெப்படித் தெரியும், சாமி?"

"அதற்குத்தான் ஓலை அனுப்புகிறோம்" என்றார் மந்திரி, பொறுமையாக.

அவள் இடம் அடுத்தவருக்குப் போய்விட்டிருந்தது. அடுத்தவர் மந்திரியின் மைத்துனர் மகன்.

அரண்மனை வாசலில் உட்கார்ந்து அழுதவளை அம்பலத்தாடி பார்த்தான். ராஜாவின் ஓலைகளை எழுதி அனுப்புகிறவன் அவன். நேரே ராஜாவிடம் போய்ச் சொன்னான்.

ராஜா வருத்தப்பட்டார். ஆனால் அசையவில்லை. "நானே முத்திரை வைத்த விதி. ஒருத்திக்காக நானே உடைத்தால், நாளைக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். நெய்க்குடம் திரும்பி வந்துவிடும்."

"விதியை உடைக்க வேண்டாம், பிரபு" என்றான் அம்பலத்தாடி. மாராயியிடம் வந்து, "இரண்டு வாரம் சத்திரத்தில் தங்கு, தாயி" என்றான்.

அப்போது மகாமந்திரி பதவி காலியாக இருந்தது. அதைக் கனகசபாபதிக்குக் கொடுப்பதென்று ராஜா ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். ஆனி இருபதாம் தேதி அம்பலத்தாடி ஓலை எழுதினான். கடைசியில் அந்த மூன்று நாள் வரியையும் சேர்த்தான். ராஜா முத்திரை வைத்தார். அம்பலத்தாடி அதைத் தேன்மலைக்கு ஓடும் ஓலைக்காரன் கருப்பணனிடம் கொடுத்தான்.

"வழக்கம்போல எல்லா ஊருக்கும் போய்விட்டு வா. இதைக் கடைசியில் கொடு."

"ஐயா, மந்திரி வீடு எதிர்த்தாப்புலதானே இருக்கு?"

"இருக்கட்டும். எங்கேயும் போகாது."

ஓலை கைக்கு வருமுன் பதவியைப் பற்றிச் சபையில் வாய் திறப்பது அந்த நாட்டில் வழக்கமில்லை. மந்திரி தினமும் புதுத் தலைப்பாகையோடு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார். இவர் ஏன் இன்னும் பொறுப்பேற்கவில்லை என்று ராஜாவும் பேசாமல் கடுகடுத்துக்கொண்டிருந்தார்.

ஆடி நாலாம் தேதி காலையில் மந்திரி ஓலையும் கையுமாக ஓடி வந்தார்.

அம்பலத்தாடி ஓலையை வாங்கிப் பார்த்தான். "ஆனி இருபது. கெடு முடிந்துவிட்டது, ஐயா."

"இப்போதுதான் என் கைக்கே வந்தது!"

"எழுதிய நாள்தான் கணக்கு."

மந்திரி ராஜா பக்கம் திரும்பினார். "பிரபு, இது அக்கிரமம்! கைக்கு வராத ஓலைக்கு ஒரு மனுஷன் எப்படிக் கட்டுப்பட முடியும்? கைக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்கு வைக்க வேண்டும். வந்து சேர வழிநடைக்கும் நாள் கொடுக்க வேண்டும். அதுதான் நியாயம்!"

"கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்" என்றான் அம்பலத்தாடி. "எழுதிக்கொண்டிருக்கிறேன்."

எழுதி முடித்ததை ராஜாவிடம் நீட்டினான். "கல்வி மந்திரியே கேட்கும் திருத்தம், பிரபு. முத்திரை வைத்தால் இன்றைக்கே இவர் மகாமந்திரி. இந்த வருஷப் பட்டியலுக்கும் இதுவே செல்லும். சத்திரத்தில் ஒரு பெண் காத்திருக்கிறாள்."

சபை மந்திரியைப் பார்த்தது. மந்திரி தரையைப் பார்த்தார். "நியாயம்தான்" என்றார், யாருக்கும் கேட்காதபடி.

ராஜா முத்திரை வைத்தார்.

மைத்துனர் மகன் மறுபேச்சில்லாமல் இடத்தை விட்டான். ரத்தத்தைப் பார்த்து அவன் அதற்குள் நான்கு முறை மயங்கி விழுந்திருந்தான். அன்று மத்தியானமே மாராயி மருத்துவச்சாலையில் சேர்ந்தாள். அடுத்த வருஷம் ஒன்பது சாலைகளிலும் நான்கு தெருக்காரர்கள் மொத்தம் பதினொரு பேர். தண்ணீரில் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

மாராயி சேர்ந்த அன்று சாயங்காலம் ராஜா அம்பலத்தாடியைக் கூப்பிட்டார். "உனக்கு ஒரு கிராமத்தையே மானியமாகத் தருகிறேன். எந்த ஊர் வேண்டும்?"

"எந்த ஊரானாலும் சரி, பிரபு" என்றான் அம்பலத்தாடி. "ஓலையை மட்டும் அனுப்பி வைக்காதீர்கள். இங்கேயே நிற்கிறேன், கையில் கொடுத்துவிடுங்கள்."

ராஜா சிரித்த சிரிப்பு நான்கு தெருவுக்கும் கேட்டதாம்.